ஜன்னலை அடையுங்கள்

அந்த மையத்தின் பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். முன்பக்கச் சுவரில் ஆரம்பித்து, மூலை திரும்பி, பக்கச் சுவரில் போய்த்தான் மூச்சு வாங்கும். ‘எல்லை கடந்த இரசாயன நிகழ்வுகளுக்கான கூட்டுப் பொதுச் சுகாதார’ என்பது வரைக்கும் முன்பக்கம். ‘ஆலோசனை மற்றும் ஆதரவு மையம்’ என்பது பக்கவாட்டில். பஸ் நிறுத்தத்திலிருந்து வருகிறவர்கள் கண்ணில் பக்கச் சுவர் மட்டும்தான் படும். அதனால் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த பெண்களும், பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்து வந்த அப்பாக்களும் எப்போதும் அந்த வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். மையத்தில் யாரும் அவர்களை விரட்டியதில்லை. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தால் காட்டுவதற்கு நாலு ஆள் வேண்டாமா?

மையம் எங்கள் தெருவுக்கு வந்ததற்குக் காரணம் தெருதான். தெருவின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் வேறு நாடு. இரண்டு பக்கமும் பேசுவது ஒரே மொழி. கோட்டைத் தாண்டிப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வரலாம், ஏன் என்று ஒருத்தர் கேட்கமாட்டார். ஆனால் தாண்டுவது பால் பாக்கெட்டாக இல்லாமல் புகையாகவோ புகாராகவோ இருந்துவிட்டால் இரண்டு அரசாங்கங்களும் தூக்கத்திலிருந்து எழுந்துகொள்ளும். கோட்டுக்கு அந்தப் பக்க வரிசையில் ஓர் ஐஸ் ஃபேக்டரி. அதற்கு நேர் எதிரே, இந்த வரிசையில், ஒரு சலவைக் கடை. ஐஸ் ஃபேக்டரி என்றால் அம்மோனியா. அம்மோனியா என்றால் என்றைக்காவது கசியும். கசிந்தால் கோட்டைப் பார்த்து நிற்குமா? அதற்காகத்தான் மையம்.

சலவைக்கடைக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால், சுவரில் எது எழுதியிருந்தாலும் நம்புகிறவர். ‘இங்கே துப்பாதீர்கள்’ என்று கண்டால் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு நடப்பார். கீழே கடை, மேலே வீடு. வீடு என்பது ஒரே அறை, அதில் ஒரே ஜன்னல், அதுவும் தெருவைப் பார்த்தது. அங்கேதான் அவர் மனைவி இருப்பார். அந்த அம்மாவுக்கு இழுப்பு. தூசி ஆகாது, புகை ஆகாது, கீழே கடையிலிருந்து கிளம்பும் ஆவியும் ஆகாது. நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டால் இன்ஹேலரைத் தேடி வீடே அல்லோலகல்லோலப்படும். சலவைக்கடைக்காரருக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது அந்த விசில்தான்.

மையத்துக்காரர்களின் மேலங்கிகள் வெளுக்க வருவது அவரிடம்தான். ஆரஞ்சு நிறம், கை வைக்காதது, முதுகில் பட்டையாக மினுமினுக்கும். பாதியில் ‘ஆலோசகர்’ என்று எழுதியிருக்கும், பாதியில் ‘ஆதரவாளர்’ என்று எழுதியிருக்கும். மையம் திறந்த நாளிலிருந்து நிகழ்வு எதுவும் நிகழவில்லை. ஒத்திகை மட்டும் மாதம் தவறாமல் நடக்கும். ஒத்திகை முடிந்து வரும் மேலங்கிகளில் இரசாயனக் கறை ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. டீக் கறை நிறைய உண்டு.

தெருவில் எல்லாக் கதவுகளிலும் மையம் ஒரு தாளை ஒட்டியிருந்தது. ‘இரசாயன நிகழ்வின்போது பொதுமக்கள் தாங்களாக எதையும் திறக்கவோ மூடவோ வேண்டாம். மையத்தின் ஆலோசனைக்குக் காத்திருக்கவும்.’ மற்றவர்கள் வீட்டில் அந்தத் தாள் வெயிலில் உரிந்து போய்விட்டது. சலவைக்கடைக்காரர் மட்டும் கஞ்சி தடவி மறுபடி ஒட்டி வைத்திருந்தார்.

அன்று காலை அவர் மேலங்கிகளை மெஷினில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. தெருவில் போய்க்கொண்டிருந்த தபால்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சைக்கிளை வந்த வழியே திருப்பினார். மேலேயிருந்து இருமல் கேட்டது.

“என்னங்க, கண்ணு எரியுது. ஏதோ நாத்தம் வருது. ஜன்னலை மூடிடட்டுமா?”

“இரு, இரு! நீயா மூடிடாதே. கதவுல ஒட்டியிருக்கு பாரு.”

“மூடினா உங்க ஆவி கீழேருந்து ஏறி மூச்சு முட்டுது. திறந்து வச்சா நாத்தம். ரெண்டுல எதுன்னு சொல்லித் தொலைங்க.”

“கேட்டுச் சொல்றேன். அதுக்குத்தானே நம்ம தெருவுலயே ஆபீஸ் வச்சிருக்காங்க. அதுவரைக்கும் பாதி மூடி வை. பாதின்னா திறந்ததும் ஆகாது, மூடினதும் ஆகாது.”

“எனக்கு நெஞ்சு கட்டுது. சீக்கிரம் கேளுங்க.”

மையத்தின் எண் அவருக்கு மனப்பாடம். ஆலோசனைக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, ஆதரவுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. ஒன்றை அழுத்தினார்.

“ஆலோசனைப் பிரிவு. நிகழ்வு எல்லை கடந்ததா?” என்றது ஒரு பெண் குரல்.

“மேடம், எதிர்த்த வரிசை ஐஸ் ஃபேக்டரியிலேருந்து நாத்தம் வருது. என் பொண்டாட்டிக்கு இழுப்பு. ஜன்னலை மூடணுமா, திறக்கணுமா?”

“எல்லை கடந்தாத்தான் சார் நாங்க. கடந்ததா?”

“என் மூக்கு வரைக்கும் வந்திருச்சே மேடம்.”

“உங்க மூக்கு எந்தப் பக்கம் இருக்கு?”

“இந்தப் பக்கம்தான்.”

“அப்போ அது இந்தப் பக்கத்து நாத்தம். அந்தப் பக்கத்துலேருந்து அது கிளம்பினதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“நாத்தத்தை எப்படி மேடம் பார்க்கிறது?”

“பார்க்காததைச் சொல்லக் கூடாது சார். ரெண்டு நாட்டு உறவு கெட்டுப்போயிடும்” என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

சலவைக்கடைக்காரர் இரண்டை அழுத்தினார். இந்த முறை குரல் தேனாக ஒழுகியது.

“ஆதரவுப் பிரிவு. கவலையே படாதீங்க. நாங்க உங்களோட இருக்கோம்.”

“எங்க சார்?” சலவைக்கடைக்காரர் ஆசையாகக் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

“மனசால.”

“ஜன்னலை மூடணுமா சார், திறக்கணுமா?”

“அது ஆலோசனை. எங்ககிட்ட ஆதரவு மட்டும்தான். நீங்க திறந்தாலும் எங்க ஆதரவு உண்டு. மூடினாலும் உண்டு.”

இதற்கு மேல் போனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவர் தெருக்கோடியில் இருக்கும் மையத்துக்கே ஓடினார். அங்கே போய்ப் பார்த்தால், கல்யாண வீடு தோற்றது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஒருத்தருக்கொருத்தர் கை குலுக்கிக்கொள்கிறார்கள். எத்தனை வருஷக் காத்திருப்பு! இத்தனை நாள் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்று பேசிய வாய்க்கெல்லாம் இன்றைக்குப் பூட்டு. இயக்குநர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். இவரைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்!”

சலவைக்கடைக்காரருக்கு உடம்பு புல்லரித்துப் போயிற்று. “சார், ஜன்னலை…”

“மேலங்கி எங்கே?”

“மெஷின்ல ஊறுது சார்.”

கூடத்தில் சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது. இயக்குநர் ஒரு படி மேலே ஏறிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பேச ஆரம்பித்தார். அவருக்குப் படி கிடைத்தால் போதும், பேச்சு வந்துவிடும்.

“தோழர்களே, மேலங்கி இல்லாம வெளியே போனா நாம யாரு? தெருவுல நடக்கிற நாலு பேர். நாலு பேர் சொன்னா எவன் கேப்பான்? நமக்குத் தெரிஞ்சது அவனுக்கும் தெரியும். அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? இந்த மேலங்கிதான்!”

எல்லாரும் கை தட்டினார்கள்.

“சார், வீட்ல மூச்சுக்குத் திணறுது சார். ஒரே வார்த்தை. மூடவா, திறக்கவா?”

இயக்குநர் அவர் தோளில் கை போட்டார். “எனக்குச் சொல்ல ஆசைதான். ஆனா ‘ஆலோசகர்’னு எழுதின மேலங்கியைப் போடாம நான் ஒண்ணு சொன்னா அது ஆலோசனை ஆகாது. அபிப்பிராயம் ஆயிடும். அபிப்பிராயத்துக்கு மையம் பொறுப்பேத்துக்க முடியாது. ஓடுங்க, ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க.”

ஓடினார். மெஷினிலிருந்து மேலங்கிகளை வாரி உலர்த்தும் மெஷினில் போட்டு, சூட்டை ஒரே திருகாகக் கடைசி வரைக்கும் திருகினார். கடை முழுக்க ஆவி. ஆவிக்குப் படிக்கட்டு ஒன்றுதான் வழி.

“கேட்டீங்களா?” மேலேயிருந்து குரல் வந்தது. முன்பைவிட மெலிந்திருந்தது.

“கேட்டேன். மேலங்கி கேக்கறாங்க.”

“மேலங்கிக்கும் என் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதைப் போட்டுக்கிட்டாத்தான் சொல்வாங்களாம். இதோ, ஆச்சு.”

கொஞ்ச நேரத்தில் மேலே இருமலுக்கு நடுவே அந்த விசில் கேட்டது. சலவைக்கடைக்காரர் அரை ஈரத்தில் இருந்த மேலங்கிகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அம்மோனியாவா, அழுகையா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. மாடிக்குப் போகவா, மையத்துக்குப் போகவா என்று ஒரு நொடி படியடியில் நின்றார். மாடிக்குப் போய் என்ன சொல்வது? மூடு என்றா, திற என்றா? தப்பாகச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? மூட்டையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கே ஓடினார்.

அவசரத்தில் மேலங்கிகள் இடம் மாறிவிட்டன. ஆதரவாளர்கள் சிலருக்கு ‘ஆலோசகர்’ கிடைத்தது, ஆலோசகர்கள் சிலருக்கு ‘ஆதரவாளர்’ கிடைத்தது. யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்ட நிமிஷத்திலேயே ஆதரவாளர்களுக்குக் குரல் கனத்துப் புருவம் ஏறிவிட்டது. ஆலோசகர்களோ பக்கத்தில் இருப்பவர்களின் முதுகைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“இப்போ சொல்லுங்க சார்” என்றார் சலவைக்கடைக்காரர்.

“இப்போ கூட்டம்” என்றார் இயக்குநர். “கூட்டு மையம் இல்லையா? எதிர்வரிசைக்காரங்க ஒத்துக்காம நான் மட்டும் ஒரு வார்த்தை சொன்னா அது அத்துமீறல். நீங்களும் வாங்க. பொதுமக்கள் தரப்புல ஒருத்தர் இருக்கணும்னு விதி இருக்கு.”

கூட்டம் மாடியில் இருந்த பெரிய அறையில். தெருக்கோடியில் இருக்கும் கட்டடம் என்பதால் அந்த அறையின் ஜன்னலிலிருந்து தெரு முழுவதும் தெரியும். வெள்ளைக் கோடு தெரியும், ஐஸ் ஃபேக்டரி தெரியும், பாதி மூடிய ஒரு மாடி ஜன்னலும் தெரியும். சலவைக்கடைக்காரர் அதைப் பார்க்கிற மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜை நடுவில் ஒரு மைக். மொட்டைமாடியில் இருந்த குழாய் ஒலிபெருக்கிகளோடு அதற்கு இணைப்பு. இரண்டு நாட்டுக்கும் பாரபட்சம் இல்லாமல் கேட்கவேண்டும் என்பதற்காகக் குழாய்கள் இரண்டு வரிசையையும் பார்த்து வாயைப் பிளந்திருந்தன.

எதிர்வரிசை இயக்குநர் கோட்டைத் தாண்டித் தன் ஆட்களோடு வந்து சேர்ந்தார். அவர்களுக்கு மேலங்கி நீலம். எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நட்பின் கனத்தில் கலங்கிவிட்டார்கள் என்று நினைத்துப் புகைப்படக்காரர் சளைக்காமல் எடுத்துத் தள்ளினார்.

“எங்க பக்கத்துலேருந்து எதுவும் கிளம்பலை” என்று ஆரம்பித்தார் எதிர்வரிசை இயக்குநர். “எங்க கருவி அப்படித்தான் சொல்லுது.”

“கருவி வேலை செய்யுதா?” என்று கேட்டார் ‘ஆலோசகர்’ மேலங்கி போட்ட ஆதரவாளர்.

“வேலை செஞ்சா வேற மாதிரி சொல்லிடும். அதனால அணைச்சு வச்சிருக்கோம்.”

எங்கள் இயக்குநர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். “எங்க பக்கத்துக்கும் எதுவும் வரலை. வந்திருந்தா நான் உங்களைக் கண்டிக்கணும். கண்டிச்சா நீங்க பதில் சொல்லணும். எதுக்கு வம்பு?”

“நன்றி.”

“நன்றிக்கு நன்றி.”

அப்படியானால் அம்மோனியா எங்கேதான் இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. அங்கிருந்து கிளம்பவில்லை, இங்கே வந்து சேரவில்லை. வெகுநேரம் யோசித்து, அது கோட்டின் மேல் நிற்பதாக முடிவு செய்தார்கள். கோடு யாருக்கும் சொந்தமில்லை. அதனால் அதன் மேல் நிற்பதற்கும் யாரும் பொறுப்பில்லை. இரண்டு தரப்பும் எழுந்து நின்று கை தட்டியது.

“ஜன்னல்…” என்றார் சலவைக்கடைக்காரர்.

“ஆமா, ஜன்னல். மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாம். ‘ஜன்னல்களை மூடுங்கள்.’ சரிதானே?” என்றார் எங்கள் இயக்குநர்.

சலவைக்கடைக்காரர் பாய்ந்து எழுந்தார். மூடுவது! அவ்வளவுதான்! அவர் கதவை நோக்கி நாலடி வைப்பதற்குள் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். நன்றியுரை முடியாமல் கதவு திறக்கக் கூடாதாம். இன்னும் ஒப்புதல் ஆகாததை வெளியே கொண்டுபோனால் அது வதந்தியாம்.

எதிர்வரிசை இயக்குநர் முகத்தைச் சுளித்தார். “‘மூடு’ன்னா எங்க பக்கத்துல மரியாதைக் குறைச்சல். வாயை மூடுன்னு அதட்டற மாதிரி இருக்கும். நாங்க ‘சாத்துங்கள்’னு சொல்றதுதான் வழக்கம்.”

“ஐயையோ! ‘சாத்து’ன்னா எங்க பக்கத்துல நாலு போடு போடறது. ஜன்னலைச் சாத்துங்கன்னு சொன்னா எங்க ஆளுங்க கட்டையைத் தூக்கிடுவாங்க.”

மூடு வேண்டாம், சாத்து வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் பொதுவாக, கௌரவமாக ஒரு வார்த்தை வேண்டும். ஈரம் காயாத மேலங்கிக்குள் நெளிந்துகொண்டே எல்லாரும் விட்டத்தைப் பார்த்தார்கள். கடைசியில் எங்கள் இயக்குநர் முகத்தில்தான் விளக்கு எரிந்தது.

“‘அடையுங்கள்’!”

“ஆஹா!” என்றார் எதிர்வரிசை இயக்குநர். “எங்க பக்கத்துல இதை யாருமே பேசறதில்லை. அதனால யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.”

ஆலோசனைப் பிரிவுப் பெண் மைக்கை உயிர்ப்பித்தார். தெரு அதிர்ந்தது. “பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. ஜன்னல்களை உடனே அடையுங்கள். ஜன்னல்களை உடனே அடையுங்கள்.”

மக்கள் அடைந்தார்கள். இரண்டு வரிசையிலும் வீட்டுக்குள் எங்கெங்கோ பத்திரமாக இருந்தவர்களெல்லாம் எழுந்து ஓடிவந்து ஜன்னலை அடைந்தார்கள். சமையலறையில் இருந்தவர்கள் கரண்டியோடு வந்தார்கள். முடிதிருத்துகிறவர் சோப்பு நுரையோடு ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். முதலிலேயே நல்ல புத்தியோடு ஜன்னலை மூடியிருந்தவர்கள்கூட, “வரச் சொல்றாங்கப்பா, ஏதோ காட்டப் போறாங்க போல” என்று அகலத் திறந்து தலையை நீட்டினார்கள். அடைந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அங்கேயே நின்று இருமினார்கள்.

பாதி மூடியிருந்த அந்த மாடி ஜன்னலும் முழுசாகத் திறந்தது. சலவைக்கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் ஏறி இறங்க, வாய் திறந்து நின்றாள்.

“சார்! ‘அடையுங்கள்’னா என்ன சார்? மூடறதா, போய்ச் சேர்றதா?” என்று கத்தினார்.

“‘அடையுங்கள்’னா அடையுங்கள்தான்” என்றார் எங்கள் இயக்குநர்.

எதிர்வரிசை இயக்குநர் மட்டும் யோசனையில் ஆழ்ந்தார். “அவர் கேக்கறதுல விஷயம் இருக்கு. ‘அடைக்கிறேன்’னா மூடறேன். ‘அடைகிறேன்’னா போய்ச் சேர்றேன். நடுவுல ஒரு ‘க்’ இருக்கு. ‘அடையுங்கள்’னு சொல்லும்போது அந்த ‘க்’கைக் காணோம். எங்க போச்சு?”

“எங்க பக்கத்துல எந்த ‘க்’கும் தொலையலை” என்றார் எங்கள் இயக்குநர் சூடாக.

“நாங்க எடுக்கலை. நாங்க வரும்போது கையை வீசிக்கிட்டுத்தான் வந்தோம்.”

“கோட்டு மேல இருக்குமோ?” என்றார் ஓர் ஆதரவாளர், எல்லாருக்கும் ஆதரவாக.

‘க்’கைத் தேட ஒரு துணைக்குழு அமைப்பது என்று பேச்சு போயிற்று. இதெல்லாம் மைக்கில் போய்க்கொண்டிருந்தது. போட்ட சுவிட்சை அணைப்பது ஆலோசனையில் சேர்ந்ததா, ஆதரவில் சேர்ந்ததா என்று தீரவில்லை. அதனால் யாரும் அதைத் தொடவில்லை. தெருவில் இருந்தவர்கள் இந்த ரகளையைத் தெளிவாகக் கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் வெளியே நீண்டார்கள்.

“என் பொண்டாட்டி செத்துடுவா சார்!” என்று சலவைக்கடைக்காரர் மேஜையை ஓங்கி அடித்தார். வாழ்க்கையில் அவர் அடித்த முதல் மேஜை. “கதவையாவது திறந்து விடுங்க, நான் போறேன்!”

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. மொத்த நெடியும் தெருவோடு வந்து, அகலத் திறந்திருந்த கூட்ட அறை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. ஆரஞ்சும் நீலமும் ஒரே குரலில் இருமின. எதிர்வரிசை இயக்குநர் மேஜைக்கடியில் போனார். எங்கள் இயக்குநர் ஈர மேலங்கியைப் பிய்த்து எறிந்து, அதையே மூக்கில் பொத்திக்கொண்டு, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

“டேய்! ஜன்னலை மூடுங்கடா! எல்லாரும் உள்ள போங்கடா! ஈரத்துணியை மூக்குல வைங்கடா!”

எதையும் அடையச் சொல்லாத அந்தக் குரல் இரண்டு நாட்டிலும் இடியாக விழுந்தது. தெருவின் இரு வரிசையிலும் ஜன்னல்கள் படார் படாரென்று மூடிக்கொண்டன. யாருக்கும் அர்த்தம் விளங்காமல் இல்லை. அந்த மாடி ஜன்னலும் மூடியது.

கதவருகே நின்ற காவலாளி எல்லாருக்கும் முன்னால் ஓடிவிட்டதால் சலவைக்கடைக்காரருக்கு வழி கிடைத்தது. ஒரே ஓட்டமாக வந்து உலர்த்தும் மெஷினை அணைத்துவிட்டு மாடியேறினார். மனைவி தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஈரத் துண்டு ஒரு கையில், இன்ஹேலர் ஒரு கையில். விசில் இருந்தது, ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது.

“இப்போ… பேசினது… யாரு?”

“இயக்குநர்.”

“இதை… அப்பவே… சொல்லியிருக்கலாம்ல?”

சலவைக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விசில் நிற்கிற வரைக்கும் விடவில்லை. நின்ற பிறகு அழுதார். நன்றாகவே அழுதார். கதவில் ஒட்டிய ஒரு தாளுக்காக இவளைத் தொலைக்கப் பார்த்தோமே என்று அவருக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

கசிவை நிறுத்தியது ஐஸ் ஃபேக்டரி ஃபிட்டர். ஸ்பானரை எடுத்து வால்வைத் திருகினார், நின்றுவிட்டது. எந்தப் பக்கத்து ஆலோசனையையும் பெறாமல் திருகியதற்காக அவருக்கு ஒரு நோட்டீஸ் போயிற்று.

பிறகு கூட்டு விசாரணை நடந்தது. அம்மோனியா எல்லை கடந்ததற்கு ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. ஆனால் விசாரணைக்குழு வேறொன்றைக் கண்டுபிடித்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ‘டா’ கிளம்பியிருக்கிறது. ஒன்றல்ல, அடுத்தடுத்து பல. அவை காற்றின் திசையைப் பொருட்படுத்தாமல் கோட்டைத் தாண்டி, எதிர்வரிசையில் இருந்த கண்ணியமான குடிமக்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கின்றன. அவர்களில் ஒருவர் எதிர்வரிசை இயக்குநரின் மாமனார். புறப்பட்ட இடம் தெரியும், போய்ச் சேர்ந்த இடம் தெரியும், பாதிக்கப்பட்டவர் தெரியும். மையம் திறந்து முதன்முறையாக, ஐயம் திரிபற ஒரு எல்லை கடந்த நிகழ்வு!

எங்கள் இயக்குநர் எழுந்து தன் தரப்பைச் சொன்னார். “தப்புதான். ஆனா அந்த நேரத்துல நான் மேலங்கியைக் கழட்டியிருந்தேன். அதனால அது மையத்தோட ஆலோசனை இல்லை. என் சொந்த அபிப்பிராயம். இத்தனை வருஷ சேவையில நான் யாருக்கும் உபயோகமா ஒரு வார்த்தை சொன்னதில்லைங்கறதைக் குழு கவனத்துல எடுத்துக்கணும்.”

சலவைக்கடைக்காரரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.

“இவர் ‘டா’ போட்டது உண்மையா?”

“உண்மைங்க. அவர் போட்டதாலதான் என் பொண்டாட்டி இன்னிக்கு உயிரோட இருக்கா.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க மனைவி உயிரோட இருக்கிறது ஆதரவுப் பிரிவுல வரும்.”

இயக்குநரை மாற்றிவிட்டார்கள். எந்த எல்லைக்கும் பக்கத்தில் இல்லாத ஓர் ஊரில், பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு கிடங்கு. அதற்கு ஜன்னலே கிடையாது. போகும் முன் அவர் தன் மேலங்கியை வெளுக்கக் கொடுத்தார். சலவைக்கடைக்காரர் அதை வெளுத்து, மொடமொடவென்று தேய்த்து, காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார்.

‘டா’வினால் ஏற்பட்ட பாதிப்பைப் போக்க, கதவுகளில் புதிய தாள் ஒட்டினார்கள். ‘மாண்புமிகு பொதுமக்கள், இரசாயன நிகழ்வு குறித்து ஐயம் எழுமாயின், மையத்தை அணுகி, மேற்படி சன்னல்களின் நிலை குறித்துத் தெளிவு பெற்றருளுமாறு பணிவன்புடன் வேண்டப்படுகிறார்கள்.’ ஒட்ட வந்தவர்கள், ‘க்’ துணைக்குழு இன்னும் கூடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

மழை விட்ட ஒரு மாலையில் சலவைக்கடைக்காரர் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் லேசாக என்னமோ ஏறியது. கதவிலிருந்த புதிய தாளைப் பார்த்தார். பழகிய புத்தி எங்கே போகும்? படியடியில் வந்து நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“லேசா நாத்தம் வர்ற மாதிரி இருக்கே. இப்படியே போய், அங்க ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடட்டுமா?”

கல்யாணமான நாளிலிருந்து ‘என்னங்க’வைத் தாண்டி ஒரு எழுத்துக்கூடப் பேசியறியாத அந்த அம்மாவின் குரல் மேலேயிருந்து வந்தது.

“வந்து ஜன்னலை மூடுடா!”

சலவைக்கடைக்காரர் மாடியேறிப் போய் மூடினார்.